உழைக்கிற துணி

2021 மாட்டுப் பொங்கல், வெள்ளிக்கிழமை. நாத்தனார் குடும்பம் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவியதும் அண்ணன் (நாத்தனார் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) "இன்னைக்கு சிறுவாச்சூர்ல நடை திறந்திருக்கும், ஒரு எட்டு போயிட்டு வந்துடுறேன்" என்று கிளம்பினார். மதுரகாளியம்மனுக்குத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. பெரம்பலூர்க்காரர்கள் அந்த இரண்டு நாளையும் விடமாட்டார்கள்.

போனவர் திரும்பி வந்ததும் நாத்தனாரைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். நாத்தனார் என்னைப் பார்த்தாள். விஷயம் இதுதான்: புது வெள்ளை வேட்டியின் பின்பக்கம் முழுக்கக் காப்பித்தூள் கலரில் செதில் செதிலாக ஒட்டியிருந்திருக்கிறது. வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா, "ஏம்ப்பா, வேட்டியில என்னமோ இருக்கு பாரு" என்று சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம்.

அந்தச் செதில்கள் என் வீட்டு டைனிங் டேபிள் நாற்காலியில் இருந்து உதிர்ந்தவை. அன்று ஆரம்பித்த வேலை முடிய அடுத்த வருஷம் ஆடி மாசம் ஆகிவிட்டது. நாற்காலிக்குத் துணி போடுவதில் இவ்வளவு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்காகவும், இதே செதிலைத் தினமும் பெருக்கித் தள்ளிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பியோடு உட்காருங்கள், முடிந்தால் துணி நாற்காலியில் உட்காராதீர்கள்.

யாருமே உட்காராத ஆறாவது நாற்காலி

எங்களிடம் ஆறு நாற்காலிகள். 2012-இல் ஊர் ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. மரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. முதலில் போட்டிருந்தது சணல் மாதிரி சொரசொரப்பான துணி. ஐந்து வருஷத்தில் அது நைந்துபோக, 2017-இல் "தோல் மாதிரியே இருக்கும், துடைச்சா போதும்" என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பிக் காப்பி கலர் செயற்கைத் தோலுக்கு மாறினோம். பார்க்க ரொம்ப அம்சமாக இருந்தது. நான்காவது வருஷம் உரிய ஆரம்பித்தது.

தேய்மானம் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணன் வேட்டிச் சம்பவத்துக்கு மறுநாள் ஆறு நாற்காலியையும் வரிசையாக வெயிலில் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆறாவது நாற்காலி சுவரோரம் கிடப்பது. அதில் மனிதர்கள் உட்கார்ந்ததே கிடையாது. பழைய பேப்பரும், இஸ்திரிக்குப் போகவேண்டிய துணியும்தான் உட்காரும். அதுவும் மற்ற ஐந்தைப் போலவே உரிந்திருந்தது!

உட்காராத நாற்காலி ஏன் உரியவேண்டும்? விசாரித்ததில் கிடைத்த விளக்கம் இது. இப்போது கடைகளில் தோல் போலவே மெத்தென்று இருப்பதில் பெரும்பாலானவை பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் பூச்சு. கீழே ஒரு பின்னல் துணி, மேலே மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். காற்றில் இருக்கும் ஈரமே அந்தப் பூச்சின் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் வேகம். நாம் உட்கார்ந்தாலும் சரி, உட்காராவிட்டாலும் சரி, அது தன் பாட்டுக்குச் சாகும். நல்ல தரத்தில் செய்தது கூடுதல் காலம் தாங்கும். சாதா ரகம் நம்மூர்ப் புழுக்கத்தில் சில வருஷம்தான்.

பழைய ரெக்ஸின் வேறு சாதி. ரெக்ஸின் என்பதே ஒரு கம்பெனியின் பெயர்தான். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில், துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிச் செய்த செயற்கைத் தோலுக்கு வைத்த பெயர். வனஸ்பதிக்கு டால்டா மாதிரி, நகலுக்கு ஜெராக்ஸ் மாதிரி, பெயர் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. இன்று நம் குஷன் கடைகளில் ரெக்ஸின் என்று தருவது பி.வி.சி. பூச்சு. அது இப்படிச் செதிலாக உரியாது. ஆனால் வருஷம் போகப்போக அதற்குள் இருக்கும் மென்மையாக்கும் பொருள் வெளியேறி, விறைத்து, மடிப்பில் வெடிக்கும். போதாததற்கு மே மாதப் பெரம்பலூரில் வெறும் லுங்கியோடு அதில் உட்கார்ந்து எழுந்தால் நாற்காலியும் கூடவே எழும்.

பேருந்து சொல்லிக்கொடுத்தது

எனக்குப் பெரம்பலூரில் வீடு, அரியலூர்ப் பக்கம் பள்ளிக்கூட வேலை. 2001-இல் பிரிந்து, 2002-இல் சேர்ந்து, 2007-இல் மறுபடி பிரிந்த இரண்டு மாவட்டங்களுக்கு நடுவே தினமும் பேருந்தில் போய்வருகிறவள். துணி யோசனை தலைக்கேறிய பிறகு ஜன்னல் வழியே பார்ப்பதை விட்டுவிட்டுச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டு போனேன். கண்டக்டர் இரண்டு முறை, "டீச்சர், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

ஒரு நாளைக்கு எத்தனை பேர் உட்கார்ந்து எழுகிற சீட்டு! ஆனால் கிழிந்த சீட்டு எதிலும் நட்டநடு மேடை கிழிந்திருக்கவில்லை. கிழிவது மூன்று இடத்தில்: தையல் ஓடுகிற கோடு, முன்பக்க விளிம்பு, மூலை. அதாவது துணி ஏதாவது ஒரு கடினமான விளிம்பின்மேல் மடங்கி இழுபடுகிற இடம். வீட்டு நாற்காலியிலும் பழைய சணல் துணி செத்தது முன்விளிம்பில்தான். நடுவில் நைந்திருக்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் குஷன் கடைக்குப் போனேன். பைக் சீட்டு, டிராக்டர் சீட்டு, வேன் சீட்டு எல்லாம் தைக்கிற சின்னக் கடை. கடைக்கார அண்ணன் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து நான்கு ஸ்க்ரூவைக் கழற்றியதும் சீட் பலகை தனியாகக் கையோடு வந்துவிட்டது. (உங்கள் வீட்டு நாற்காலியையும் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான டைனிங் நாற்காலிகளில் இப்படித்தான்.) அடியில் இருந்த கருப்புத் துணியைப் பிய்த்தார், ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக நெம்பினார். தோல் போனது. அதன் கீழே பழைய சணல் துணியை எடுக்காமலே மேலே அடித்திருந்தார்கள். அதன் கீழே ஃபோம், பழைய ரொட்டி மாதிரி அமுங்கிப் பொடியாக உதிர்ந்தது. அதன் கீழே அரை அங்குல ப்ளைவுட்.

அவர் துணியைப் பார்க்கவே இல்லை. ப்ளைவுட்டின் முன்விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். "கத்தி மாதிரி இருக்கு பாருங்க டீச்சர். மேல ஆள் உக்காந்தா தொடைக்கும் இதுக்கும் நடுவுல துணி மாட்டுது. எந்தத் துணி போட்டாலும் இது அறுக்கத்தான் செய்யும்."

பத்து வருஷமாகத் துணியைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு பலகை விளிம்பில் இருந்திருக்கிறது. அவர் முதலில் அரத்தால் விளிம்பை உருட்டினார், பிறகு உப்புத்தாள் போட்டார். ஃபோமைப் பலகை அளவுக்கே வெட்டாமல் முன்பக்கம் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு, விளிம்பின்மேல் மடக்கி ஒட்டினார். இந்த இரண்டு வேலைக்கும் செலவு ஒன்றுமில்லை. துணியின் ஆயுசு கூடுவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

ஃபோம் பற்றி ஒரு வார்த்தை. கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதுதான் அந்த எண். அது எவ்வளவு கெட்டி என்பது வேறு கணக்கு. கையால் அமுக்கித்தான் பார்க்கவேண்டும். எடை கூடின ஃபோம் சீக்கிரம் அமுங்கிப்போகாது. அமுங்காத ஃபோமின்மேல் துணி விறைப்பாக நிற்கும். அமுங்கினால் துணி தொய்யும், தொய்ந்தால் சுருக்கம் விழும், முதலில் தேய்வது அந்தச் சுருக்கத்தின் மேடுதான். துணியில் காசைக் கொட்டி ஃபோமில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

எண்ணைக் காட்டினால் மயங்காதீர்கள்

இனி துணி. "நல்லா உழைக்குமா?" என்பதுதான் நம் ஊரில் எந்தத் துணிக்கும் கேட்கிற கேள்வி. வேட்டியோ பாவாடையோ பள்ளிக்கூடப் பையோ, கேள்வி அதேதான். நீடிக்குமா, தாங்குமா என்றெல்லாம் கேட்பதில்லை, உழைக்குமா என்கிறோம். கூலிக்கு ஆள் எடுக்கிற மாதிரி. ஆள் எடுக்கும்போது என்ன வேலை என்று சொல்லித்தானே எடுப்போம்? துணிக்கும் அதைச் செய்யவேண்டும் என்பது எனக்குப் புரிய நாள் பிடித்தது.

பெரம்பலூரில் பார்த்தேன், திருச்சிக்கும் ஒரு நடை போனேன். மீட்டர் 200 ரூபாய்க்கும் இருந்தது, 1,000 ரூபாயைத் தாண்டியும் இருந்தது. கொஞ்சம் பெரிய கடைகளில் சாம்பிள் புத்தகத்தின் பின்பக்கம் மார்ட்டின்டேல் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 1940-களில் இங்கிலாந்தில் கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சிக் கூடத்தில் மார்ட்டின்டேல் என்பவர் வடிவமைத்த சோதனை. வட்டமாக வெட்டிய துணித்துண்டைக் கம்பளித் துணியோடு வைத்து, எட்டு போடுகிற மாதிரி எல்லாத் திசையிலும் தேய்ப்பார்கள். இரண்டு இழை முழுசாக அறுகிறவரை எத்தனை தேய்ப்பு என்பதுதான் எண். பொதுவாக 15,000-இலிருந்து 25,000 வரை சாதாரண வீட்டுப் புழக்கத்துக்கு, அதற்கு மேல் போனால் கடும் புழக்கத்துக்கு, 30,000-ஐத் தாண்டினால் ஹோட்டல், அலுவலகத்துக்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கச் சரக்கில் வைசன்பீக் என்று வேறு எண் இருக்கும். அது நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்ப்பது, இரண்டையும் ஒப்பிடக்கூடாது.

எண் பொய் சொல்லாது. ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: தேய்த்தால் இழை அறுமா? கொலுசு மாட்டினால் இழுபடுமா, சாம்பார் கொட்டினால் போகுமா, வெயிலில் வெளுக்குமா என்று மார்ட்டின்டேலுக்குத் தெரியாது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் வீட்டு நாற்காலி செய்கிற வேலைகளை ஒரு நோட்டில் எழுதினேன். அப்பா ஒரு காலை மடித்து மேலே வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். குதிகால் ஒரே இடத்தில் அழுத்தும். பெண்ணுக்குக் கொலுசு; சம்மணம் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். பையன் பரணில் இருந்து எதையாவது எடுக்க நாற்காலிமேல் ஏறுவான், செருப்போடும் ஏறுவான். வீட்டுக்காரர் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு பேப்பர் படிக்க உட்காருவார். வாரத்துக்கு ஒரு முறையாவது ரசமோ மோரோ கவிழும். அப்புறம் தூசி.

தூசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெரம்பலூர்–அரியலூர் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். அரியலூர் மண்ணுக்கடியில் இருப்பதெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்த இடத்தின் சுண்ணாம்புக்கல். கல்லங்குறிச்சிப் பக்கம் அதில் சிப்பி சிப்பியாகவே பதிந்திருக்கும். அதை நம்பித்தான் சிமென்ட் ஆலைகள், ஆலைகளை நம்பி லாரிகள். சுண்ணாம்புத் தூள் மென்மையானதுதான். ஆனால் ரோட்டுத் தூசியில் மணலும் கலந்திருக்கும், மணல் கண்ணாடியையே கீறும். அது இழை நடுவே போய் உட்கார்ந்துகொண்டால் நாம் ஒவ்வொரு முறை அசையும்போதும் உள்ளேயிருந்து ராவும். தளர்ந்த நெசவில்தான் அது சுலபமாக இறங்கும். வாரம் ஒரு முறை சீட்டை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே துணிக்குப் பாதி உபகாரம்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதித் துணிகள் தானாகவே கழிந்துவிட்டன. சணல்: பார்வைக்கு அழகு, ஆனால் மடிப்பில் ஒடியும், ஈரம் ஆகாது. லினனும் மடிப்பில் ஒடிகிற ஜாதிதான். விஸ்கோஸ் கலந்தவை பளபளவென்று இருக்கும். நனைந்தால் பலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். ஈரத்துண்டு வீட்டுக்கு அது சரிவராது. சாட்டின் மாதிரி நெசவில் இழைகள் நீளமாக மேலே மிதக்கும், கொலுசுக்குக் கொண்டாட்டம். செனில் மெத்தென்று இருக்கும், நகத்தால் சுரண்டினால் மயிர் கையோடு வந்தால் வேண்டாம். ஜெயங்கொண்டத்தில் அருமையான பட்டு நெய்கிறார்கள். அது கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ள, உட்கார்ந்து தேய்க்க இல்லை.

மிச்சம் நின்றவை இரண்டு. நெருக்கமாக, சாதா நெசவில் நெய்த பாலியஸ்டர் (அல்லது பாலியஸ்டர் கூடுதலாகக் கலந்த பருத்தி). அப்புறம் தடித்த முழுப் பருத்தி. தேய்மானத்துக்கு நைலானும் பாலியஸ்டரும் பருத்தியை ஜெயிக்கும். ஆனால் பருத்திக்கு ஒரு குணம் உண்டு: நனைந்தால் அதன் பலம் குறையாது, கூடும். வேர்வையையும் உறிஞ்சிக்கொள்ளும்.

அப்பாவின் கட்டைவிரல்

அப்பா வேப்பந்தட்டைப் பக்கம் கரிசலில் நாற்பது வருஷம் பருத்தி போட்டவர். அந்த ஊரில் பருத்திக்கென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர் தன்னையும் ஒரு நிலையமாகவே நினைத்துக்கொள்வார். நான் வாங்கி வந்த சாம்பிள் துண்டுகளை டேபிளில் பரப்பியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஒரு துண்டின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவினார். இரண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து முறுக்குக்கு எதிராகத் திருப்பினார். முறுக்கு அவிழ்ந்ததும் லேசாக இழுத்தார். நூல் பிரிந்து இரண்டு பக்கமும் பஞ்சு நீட்டிக்கொண்டு நின்றது.

"பாரு பாப்பா, பஞ்சு குட்டை. முறுக்கு இருக்கிறவரைக்கும்தான் நூலா நிக்கும். தேய்க்கத் தேய்க்கத் தலையை வெளிய நீட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உருண்டை உருண்டையாத் திரளும். உன் பழைய ஸ்வெட்டர்ல இருக்கே, அது மாதிரி."

அடுத்த துண்டில் இழையை உருவ முடியவே இல்லை. அவ்வளவு நெருக்கமான நெசவு. ஊக்கால் நெம்பித்தான் எடுத்தார். முறுக்கை அவிழ்த்து இழுத்தால் நீளமாக வந்தது, பிரியவில்லை. "இது நிக்கும்" என்றார். தீக்குச்சியைக் கிழித்து அந்த நூலில் வைத்தார். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வரும், விரலால் நசுக்கினால் சாம்பல் தூளாகும். இது சுருங்கி உருகிக் கருப்பு மணியாக இறுகியது. "பாலியஸ்டர். அதான் நீளம்" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார். பருத்திக்காரருக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும்.

நீங்கள் கடையில் செய்யக்கூடிய சோதனைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் நெசவு தளர்வு. கட்டைவிரல் இரண்டையும் அருகருகே வைத்து எதிரெதிராக இழுங்கள். இழைகள் விலகி வழி விட்டால், பின் அடித்த இடத்தில் கிழியும். ஈரக் கைக்குட்டையால் இருபது முறை தேயுங்கள். கலர் ஏறினால் அண்ணன் வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது நிற்கிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

கடையில் செய்ய முடியாத சோதனை ஒன்று உண்டு. மஞ்சள். ஒரு கரண்டி சாம்பாரை எல்லாத் துண்டுகளிலும் ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டேன். பாலியஸ்டரில் தண்ணீர் போட்டுத் துடைத்ததும் பெரும்பகுதி போய்விட்டது. பருத்தியில் மஞ்சள் அப்படியே பிடித்துக்கொண்டது. மஞ்சள் என்பது பருத்திக்குச் சாயம்தானே, அந்தக் காலத்தில் அதில் துணியே நனைத்துக் கட்டியிருக்கிறோம். அவசரப்பட்டு சோப்புப் போட்டால் கறை சிவப்பாக மாறிப் பயமுறுத்தும். பயப்படாமல் அலசிவிட்டு வெயிலில் போடுங்கள். மஞ்சளுக்கு வெயில் ஆகாது. இரண்டு மூன்று நாளில் வெளிறிவிடும். நாலு ஸ்க்ரூவில் கழன்று வருகிற சீட்டின் பெரிய வசதி இதுதான்: சீட்டை மட்டும் கழற்றி மொட்டை மாடியில் காயப் போடலாம்.

அப்பாவின் நாற்காலி

முடிவாக, ஐந்து நாற்காலிக்கு நெருக்கமான நெசவு பாலியஸ்டர் எடுத்தேன். பின்பக்கம் இழை நகராமல் இருக்க மெல்லிய பூச்சு இருந்தது. கலர், வறுத்த கொத்தமல்லி மாதிரி ஒரு பழுப்பு; அதில் இரண்டு மூன்று நூல் கலந்து புள்ளியாகத் தெரியும். ஒரே பட்டைக் கலரைவிட இந்த மாதிரிப் புள்ளி விழுந்த துணி தூசியையும் கறையையும் மறைத்துக் காப்பாற்றும்.

ஆறாவதுக்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குப் பருத்திதான் வேணும்" என்று அலமாரியில் மடித்து வைத்திருந்த பழைய பவானி ஜமுக்காளத்தை எடுத்து வந்தார். அவர் கல்யாணத்துக்கு வாங்கியது. பந்தலில் ஊரே உட்கார்ந்து, பிறகு திண்ணையில் நாங்கள் உருண்டு புரண்டு வளர்ந்தது. ஓரம் பிரிந்திருந்தது, நடுவில் நன்றாகவே இருந்தது.

யோசித்துப் பார்த்தால் உட்காருவதற்கென்றே நெய்த துணி நம்மிடம் இருந்தது ஜமுக்காளம்தான். தடித்த பருத்தி நூல். ஊடையை அடித்து அடித்து நெருக்குவதால் பாவு உள்ளே மறைந்துவிடும். தேய்மானம் முழுக்க ஊடைமேல்தான் விழும். அந்த ஊடை தேய்ந்து முடிவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். பவானி ஜமுக்காளத்துக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது அதே பட்டைகளை விசைத்தறியில் மலிவு நூலில் போட்டு விற்பதும் நடக்கிறது. வாங்கும்போது ஓரத்து நூலுக்குத் தீக்குச்சி வைத்துப் பாருங்கள்.

ஜமுக்காளத்தை நாற்காலிக்குப் போடுவதில் இரண்டு சிக்கல். வெட்டிய உடனே ஓரம் பிரிந்துகொண்டே போகும். ஓவர்லாக் தையல் ஓட்டிவிட்டுத்தான் பின் அடிக்கவேண்டும். இரண்டாவது, மூலையில் மடித்தால் குண்டாக நிற்கும். குஷன் கடை அண்ணன் மூலையில் உள்பக்கம் ஒரு முக்கோணத்தை வெட்டி எடுத்துவிட்டு மடித்தார். புதுப் பருத்தி எதுவானாலும் ஒரு முறை தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே வெட்டவேண்டும். இல்லாவிட்டால் முதல் ரசத்துக்கே சுருங்கி இழுத்துக்கொள்ளும். அப்பாவின் ஜமுக்காளத்துக்கு அந்தக் கவலை இல்லை, அது பார்க்காத தண்ணீரா?

எவ்வளவு துணி வேண்டும் என்று பலர் குத்துமதிப்பாக வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கு எளிது. என் சீட் 18 அங்குலச் சதுரம். ஃபோம் உயரம், பலகைக் கனம், அடியில் மடிக்க என்று நாலு பக்கமும் 3 அங்குலம் கூட்டினால் 24-க்கு 24. சோபாத் துணி பெரும்பாலும் 54 அங்குல அகலம். அகலத்தில் இரண்டு சீட் அடங்கும். ஆறு சீட்டுக்கு மூன்று வரிசை, 72 அங்குலம். 2 மீட்டர் வாங்கினால் போதும். பூவோ கட்டமோ இருந்தால் நடுவில் பொருத்துவதற்காக அரை மீட்டர் கூடுதலாக வேண்டும். துணியைக் கோணலாக வைத்து மிச்சம் பிடிக்க மட்டும் விடாதீர்கள். கோணலாகப் போட்டால் இழுபட்டுத் தொய்யும். எங்களுக்கு ஐந்து சீட்டுதான், ஆனாலும் 2 மீட்டரே எடுத்தேன். ஆடித் தள்ளுபடி வேறு. மிச்சத்துக்கு ஒரு வேலை வைத்திருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து

2022 ஆடியில் போட்டது. 2025 ஆடியில் ஆறு சீட்டையும் கழற்றித் தூசி தட்டி, பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். பாலியஸ்டர் ஐந்தில் நான்கு புதுசு மாதிரி. பெண் உட்காருகிறதில் மட்டும் கொலுசு உரசி ஓரிடத்தில் கொஞ்சம் உருண்டை திரண்டிருந்தது. சவரக் கத்தியால் லேசாகச் சீவினால் போகும் என்றார்கள், போனது. முன்விளிம்பு எதிலும் நையவில்லை. அரத்துக்கு நன்றி. வெயில் நாளில் தொடை கொஞ்சம் புழுங்கத்தான் செய்கிறது, மறைக்க விரும்பவில்லை.

அப்பாவுடைய ஜமுக்காளத்தில் ஒரு இழைகூட அறவில்லை. ஆனால் மஞ்சள் கறை இரண்டு, மோர் ஒன்று, எதுவென்று தெரியாத இன்னொன்று. சிவப்புப் பட்டை வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது. அழுக்காக இருக்கிறது என்று நான் சொன்னால், "கறைதானே பட்டிருக்கு, கிழியலையே" என்கிறார். விருந்தாளி வந்தால் முதலில் அந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவது அண்ணன்தான். அதில் செதில் உதிராது என்று அவருக்குத் தெரியும்.

மிச்சத் துணிக்கு வைத்திருந்த வேலையைச் சொல்லவில்லையே. குஷன் கடையில் பழைய தோலை உரித்தபோது, பின் அடித்த மடிப்புக்குள் 2012 சணல் துணியின் ஓரம் அசல் கலரிலேயே இருந்தது. அது பச்சை. நாங்கள் எல்லோரும் அதைப் பழுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அதே மாதிரி துணி ஒரு சாண் வேண்டும் என்று அன்று எத்தனை கடை ஏறி இறங்கினாலும் கிடைத்திருக்காது. அதனால் இந்த முறை ஒவ்வொரு சீட்டின் அடியிலும், கருப்புத் துணிக்கு உள்ளே, கை அகலத்துக்கு அதே துணியில் ஒரு துண்டை மடித்துப் பின் அடித்து வைக்கச் சொன்னேன். நாளைக்கு ஒரு மூலை கிழிந்தால் ஒட்டுப்போட அதே கலர் வெளிச்சம் படாமல் உள்ளேயே காத்திருக்கும். பலகையில் பென்சிலால் நாளும் எழுதினேன்: "2022 ஆடி. ஃபோம் 40. விளிம்பு உருட்டியது."

அப்பா தன் சீட்டுக்கு மட்டும் தானே எழுதுவேன் என்று பென்சிலை வாங்கிக்கொண்டார். என்ன எழுதினார் என்று அன்று பார்க்கவில்லை. இந்த ஆடிக்குத் தூசி தட்டக் கழற்றியபோதுதான் பார்த்தேன். ஜமுக்காளம் வாங்கிய விலையை எழுதி வைத்திருந்தார், அணா பைசா சுத்தமாக.